பச்சை வலைத்துண்டு

மலாக்காக் கடற்கரையில் வெயில் ஏறுகிறது. செத்துக் கரையொதுங்கிய ஆமையின் நீளத்தை ஆமைக் காப்பகத்து இந்திராதேவி நாடாவால் அளக்கிறாள். அதன் துடுப்பில் பச்சை வலைத்துண்டு சுற்றியிருக்கிறது. கண்ணில் ஈ மொய்க்கிறது. மீனவர் ஜூலியஸ் அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றுகிறார். “என் வலைதான்மா. நேத்து மாட்டுச்சு. நீங்க சொன்ன மாதிரியே வலைய அறுத்து உடனே கடல்ல விட்டுட்டேன்லா.” “விடும்போது அசைஞ்சுச்சா அண்ணே?” “இல்ல, மயக்கமா கெடந்துச்சு. தண்ணி பட்டா எந்திரிச்சிரும்னு நெனச்சேன்.” நாடா அவள் கையில் அப்படியே நிற்கிறது. ‘உடனே விட்டுவிடுங்கள்’ என்று மீனவர் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னவள் அவள்தான். மயங்கிய ஆமையைத் தெளியும்வரை படகிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். ஜூலியஸ் குனிந்து ஈயை விரட்டுகிறார். “அடுத்த தடவ இன்னும் சீக்கிரமா விட்டுடுறேன்மா.”