உயரம் போதாத பெருச்சாளி

சிரிப்பு கட்டாயம் உண்டு, ஆனால் கொஞ்சம் பொறுக்கணும். மாசிலாமணி என்ற பெருச்சாளி தன் வளை வாசலிலேயே தொப்பை மாட்டித் தவிக்கும்போது சிரித்தால் நல்லாவா இருக்கும்? பூனை பார்த்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். நல்லவேளை, பக்கத்து மரத்து மைனா அவர் வாலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டது.

"எடை ஏறிப்போச்சு அண்ணே" என்றது மைனா.

"போடா! எடையெல்லாம் சரிதான், இதுக்கேத்த உயரம்தான் பத்தலை. எடையையும் உயரத்தையும் வச்சுப் போடுற பி.எம்.ஐ. கணக்கு உனக்கென்ன தெரியும்?" என்றார் மாசிலாமணி. ஆஸ்பத்திரித் தோட்டத்தில் குடியிருப்பவர். டாக்டர் பேசுவதெல்லாம் அவர் காதிலும் விழும்.

மைனாவுக்கு எந்தக் குரலும் வரும். மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரி ஜன்னல் பக்கமிருந்து டாக்டரின் கரகரத்த குரல் கேட்டது.

"மாசிலாமணி, உங்க கணக்கு ரொம்பச் சரி! உயரம்தான் குறை. தினமும் தோட்டத்தைச் சுத்தி ஓடுங்க, கால் நீளும். கேன்டீன் வடையைத் தொடாதீங்க, அது முதுகெலும்பை அமுக்கும்."

டாக்டரே சொன்ன பிறகு சும்மா இருப்பாரா? ஓடினார். வடை வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். "இன்னும் ஒரு சுத்து!" என்று ஜன்னல் விரட்ட, மாதக்கணக்கில் ஓடினார்.

ஒருநாள் காலையில் பூனை நிஜமாகவே பாய்ந்தது. மாசிலாமணி ஒரே தாவலில் வளைக்குள் வழுக்கிக்கொண்டு போனார்.

"டாக்டரய்யா, நான் உயரமாயிட்டேன்!" என்று உள்ளிருந்து கத்தினார்.

"சபாஷ்!" என்றது கரகரத்த குரல். "பூனை போயிடுச்சு, வெளியே வாங்க அண்ணே!"

மாசிலாமணியின் மீசை அப்படியே நின்றது.

"டாக்டருக்கு நான் எப்படா அண்ணன் ஆனேன்? அடேய்... மைனா!"