கேட்காத ‘ம்’

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்காக என் வீட்டுக்காரர் அமலன் வீட்டிலிருந்தே படிக்கிறார். பாடம் நடத்துவது மேசைமேல் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. அது ஒரு வரி சொன்னதும் இவர் ‘ம்’ கொட்ட வேண்டும். காதில் வாங்கிச் சொன்ன ‘ம்’ என்றால் பச்சை விளக்கு எரியும், சும்மா சொன்னது என்றால் சிவப்பு. சிவப்பு கூடினால் பரீட்சை எழுத விடாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே சிவப்பு. “சார், இது கேட்காத ‘ம்’. திரும்பச் சொல்கிறேன்” என்றது பெட்டி, ஏழாவது தடவையாக.

“பதினாறு வருசமா எனக்கும் இதே ‘ம்’தான்! இன்னைக்குச் சாட்சியோட பிடிக்கிறேன் பாருங்க” என்று பெட்டியை என் பக்கம் திருப்பினேன்.

மாடித் தொட்டி ஒழுகுவதைச் சொன்னேன். என் முட்டிவலியைச் சொன்னேன். தங்கச்சி ரெண்டு வாரமாகப் பேசாததைச் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே மூன்றுக்கும் ‘ம்’ என்றார்.

மூன்றும் பச்சை.

பாடத்தைப் பெட்டியின் திரையில் வரவழைத்து, “நானே சொல்றேன், கேளுங்க” என்று கொக்கி, கம்பி, பாரம் எல்லாவற்றையும் என் பேச்சிலேயே சொல்ல ஆரம்பித்தேன். வரிக்கு வரி பச்சை. இனி பரீட்சை எங்கள் கையில்.

“ஜெசிந்தா, நீ இன்னும் சாப்பிடலையே?” என்றார் நடுவில்.

அடுத்த வரியைத் தேடிக்கொண்டே, “ம்” என்றேன்.

பெட்டியில் சிவப்பு எரிந்தது.