மறுபடியும் ஒழுகுது

"ஹார்லன் வச்ச குழாய் மறுபடியும் ஒழுகுது. இதோட ரெண்டாவது தடவை."

தூண்டில் புழு விக்கிற கடையில நாலு பேர் நிக்கிறப்பவே என் வீட்டுக்காரர் வெண்டல் இப்படிச் சொன்னார். எனக்கு மானமே போச்சு. அந்தக் கடையில ஒரு வார்த்தை விழுந்தா, மத்தியானத்துக்குள்ள ஏரியைச் சுத்தி எல்லா வீட்டுக்கும் போயிடும்.

எங்களோடது சின்ன அலுமினியப் படகு. உள்ளே சேர்ற தண்ணி வடியறதுக்குப் பின்பக்கத் தகட்டுல ஓட்டை போட்டு, பித்தளைக் குழாய் ஒண்ணைச் சொருகி, விளிம்பை மடக்கி, சுத்திப் பசை பூசணும். ஏரியில இறக்கறப்போ குழாயை அடைச்சிடுவோம்; பசை விட்டுப் போனா விளிம்பு வழியாத் தண்ணி உள்ள வரும். அந்த வேலையில ஹார்லனை மிஞ்ச எங்க மினசோட்டாவுல ஆள் கிடையாது. ஊர்ப் படகுல பாதி அவர் கை பட்டதுதான்.

பிப்ரவரியில அவர் மனைவி நார்மா செத்துப் போனா. அன்னிக்குக் கதவைச் சாத்தினவர் திறக்கவே இல்ல. பாதிரியார் போய்த் தட்டிப் பார்த்தார். அவர் பொண்ணு தினமும் ஃபோன் பண்ணிப் பார்த்தா. நான் வாசல்ல வச்ச சாப்பாடு மறுநாளும் அப்படியே இருந்துச்சு. ஜன்னல் வழியாப் பார்த்தா மனுஷன் பாதியாப் போயிருந்தார், எனக்குப் பயமாவே இருந்துச்சு.

அவரைப் போய் இப்படிப் பேசினா?

கார்ல ஏறினதும் பிடிச்சுக்கிட்டேன். "வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சறீங்களே, நல்லாருக்கா?"

"ஒழுகறதை ஒழுகுதுன்னுதானே சொல்லணும்?"

"வேற ஆளைக் கூப்பிட்டுத் தொலைய வேண்டியதுதானே?"

"எதுக்கு? கெடுத்தவனே வந்து சரி பண்ணட்டும்."

நாப்பது வருஷ சிநேகிதம். இவ்வளவுதான் மனுஷ ஜென்மம்னு நினைச்சுக்கிட்டேன்.

சேதி எட்டிடுச்சு போல. சனிக்கிழமை காலையில ஹார்லனே வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டார். சட்டை கசங்கல், முகம் மட்டும் கடுகடுன்னு இருந்துச்சு.

"எவன்டா சொன்னான், என் வேலை ஒழுகுதுன்னு?"

"நான்தான். நீ வச்ச குழாய்க்குச் சல்லடையே பரவாயில்லடா."

"உன் படகு அப்படி. உன்னை மாதிரியே பின்பக்கம் கோணல்."

ரெண்டு பேரும் வாய்ச்சண்டை போட்டுக்கிட்டே பழைய குழாயைப் பிடுங்கிப் புதுசு வச்சாங்க. ஹார்லன் விளிம்பை மடக்கி, விரலால தடவித் தடவிப் பசை பூசினார். "இனி ஒரு சொட்டு உள்ள வரட்டும், மீசையை எடுத்துடறேன்"னார்.

கோவத்துலேயே எங்க மேசையில உட்கார்ந்து, பொரிச்ச மீனை ரெண்டு தட்டு காலி பண்ணிட்டு, மத்தியானம் கிளம்பிப் போனார்.

மறுநாள் சர்ச்சுல இருந்து வந்ததும் என் வீட்டுக்காரரைக் காணோம். கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். நல்ல சட்டையோட படகுக்குப் பின்னாடி மண்டி போட்டு, திருப்புளியால பசையைச் சுரண்டிக்கிட்டு இருந்தார்.

"அடப்பாவி மனுஷா, என்ன பண்றீங்க?"

திருட்டு முழி முழிச்சார். அப்புறம் மெதுவாச் சொன்னார்.

"ஆறுதல் சொல்லப் போனா கதவைத் திறக்க மாட்டேங்கறான். அவன் வேலையைக் குறை சொன்னாத்தான் வெளியே வர்றான். நேத்து ரெண்டு தட்டு சாப்பிட்டான், பார்த்தே இல்ல? இது ஒழுகாம போயிட்டா, அடுத்த சனிக்கிழமை அவன் எதுக்கு வரப்போறான்?"

ஒரு வாரமா இவரை நான் பேசின பேச்சு கொஞ்சமா நஞ்சமா.

கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவர் பக்கத்துல குனிஞ்சேன்.

"இந்தப் பக்கமும் சேர்த்துச் சுரண்டுங்க. நேத்து மத்தியானமே முடிச்சுட்டுக் கிளம்பிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இருக்கட்டும்."