ராக்னில்டின் முதல் பீர்

டப்பாவில் வரும் மால்ட் சாற்றில் பீர் போட்டதெல்லாம் போதும், இந்தக் கிறிஸ்துமஸுக்கு முழுத் தானியத்திலேயே காய்ச்சிவிடுவது என்று ராக்னில்ட் இறங்கிவிட்டாள். இறங்கிய பிறகு செய்முறைத் தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள்.

வேலியோரம் நின்று பக்கத்துப் பண்ணை பெர்கித் வேறு பயமுறுத்தினாள்.

"தண்ணி சூடு தப்புச்சுன்னா அத்தனையும் கஞ்சிதான்டி. ஊரே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, பாத்துக்க!"

"நீயாவது கூட வந்து நில்லேன்டி."

"மொத தடவை காய்ச்சுற வீட்டுல அடுத்தவ கால் வைக்கக் கூடாது. என்ன சத்தம் கேட்டாலும் வர மாட்டோம்."

கொட்டகையில் வாசனைக்கு ஜூனிபர் மரக்கிளை போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லி மால்ட் மூட்டையை வாசலோரம் சாய்த்தாள். கடைசியில் போட்டுப் புளிக்க வைக்க வேண்டிய ஈஸ்ட் ஜாடியை இன்னும் திறக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

திரும்பினாள். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு காளை மூட்டைக்குள் முகம் புதைத்திருந்தது. அவளைக் கண்டதும் கொம்பைத் தாழ்த்தியது. கொட்டகைக்கு வேறு வாசல் கிடையாது.

அடிவயிற்றிலிருந்து அலறல்தான் வந்தது. நிற்காமல் அலறினாள்.

யாரும் ஓடி வரவில்லை. வெளியே கைதட்டல் கேட்டது.

"சபாஷ்டி!" என்று வேலிக்கு அப்பாலிருந்து கத்தினாள் பெர்கித். "ஈஸ்ட் போடுறப்ப எவ்வளவு கத்துறோமோ அவ்வளவு போதை ஏறும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க! ஆனா போதும், நிறுத்து. குடிக்கிறவங்க தாங்க மாட்டாங்க. உன் சத்தத்துக்கு மிரண்டு என் காளையே கயித்த அறுத்துக்கிட்டு எங்கயோ ஓடிப்போச்சு!"