மெத்தை ஏறிய சொம்பு

யோகா வகுப்பு அலமாரியில் குடிதண்ணீரோடு இருந்த எவர்சில்வர் சொம்புக்கு வயிறு எரிந்தது. கீழே வெண்கலக் கிண்ணம் ஒன்று பட்டு மெத்தையில் ராஜா மாதிரி வீற்றிருந்தது. ஆசிரியை குட்டி உலக்கை போன்ற கட்டையால் அதைத் தட்டி "ஓம்" என்றதும், புதிதாகச் சேர்ந்து பாயில் படுத்திருந்தவர்கள் சொக்கிப் போனார்கள்.

"நான் உருண்டாலும் இதே சத்தம்தான். எனக்கு மட்டும், 'எந்தக் கழுதை தள்ளிவிட்டது?'ன்னு திட்டு!" என்று பொருமியது சொம்பு.

"இருக்கிற இடத்துல நிம்மதியா இரு தம்பி," என்றது கிண்ணம்.

சொம்பு கேட்குமா? மறுநாள் எல்லோரும் கண்ணை மூடியதும் தடாலென்று குதித்து, பாய்களுக்கு நடுவே டணடணவென்று உருண்டது. தண்ணீர் சிதறியது. யாரும் திட்டவில்லை. தலை நனைந்த ஒருவர் கண்ணைத் திறக்காமலே, "மேடம், உச்சந்தலையில சில்லுன்னு ஏதோ இறங்குது!" என்று உருகினார்.

ஆசிரியை கெட்டிக்காரி. சொம்பைத் துடைத்து, மெத்தையில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சொம்புக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தீங்களாண்ணே, பாதி மெத்தை எனக்கு!"

"சந்தோஷம் தம்பி," என்ற கிண்ணம், வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டது.

ஆசிரியை கட்டையை ஓங்கினாள்.

"இனிமே அடியிலயும் பாதி உனக்கு."