மரம் விழுந்த படம்

பாரிஸ் லா சப்பல் மண்டபத்தில், காடு காக்கும் சங்கத்தார் தொங்கவிட்ட ஓக் மரத்தின் பழைய பெரும் படத்துக்கு முன்னால் அரியநாயகம் நிற்கிறார். வன்னிக் காட்டிலிருந்து வந்தவராம். அதனால் சங்கத்தின் சுவரொட்டிக்குப் பொருத்தமாம். அந்தக்காலக் கமரா உருவத்தை மெதுவாகத்தான் வாங்கும் என்பதால், பின்கழுத்தை ஓர் இரும்புக் கவை பிடித்திருக்கிறது. “அசையக் கூடாதாம், மாமா,” என்று படமெடுக்கும் பிரெஞ்சுக்காரி சொன்னதைத் தமிழில் சொல்கிறாள் மருமகள் தயானி. “எனக்கும் படம் ஒண்டு தருவினமோ? முகாமிலை இருக்கிற பிள்ளைக்கு அனுப்ப,” என்று கேட்கிறார் அவர். கமராவின் மூடி திறக்கிறது. மரத்தடியில் மூச்சடக்கிப் பழகியவர், இப்போதும் அடக்குகிறார். வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் உறுமுகிறது. குண்டு போட வரும் கிபிர் விமானமென்று தலை தானாக அண்ணாந்து துழாவுகிறது. கவை கழுத்தைக் கீறுகிறது.

கழுவிய தகட்டில் மரம் இலை இலையாகத் தெரிகிறது. சட்டைக் கொலருக்கு மேலே வெறும் புகை. பிரெஞ்சுக்காரி கைதட்டுகிறாள். “மரம் படத்திலை நல்ல வடிவாய் விழுந்திருக்காம், மாமா. உங்களுக்கும் ஒண்டு தருவினமாம்.”