மக்கர் என்ஜின்

"டேய் மரியதாஸ்! மறுபடியும் படுத்துக்கிச்சா உன் என்ஜினு?"

சிங்காரம் வரப்பில் நின்று கத்தியதும் அளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மரக்காணத்தில் செல்வநாதன் முதலாளியின் உப்பளத்துக்கு ஆயில் என்ஜின் வந்து நாலு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் வாய்க்காலிலிருந்து பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் ஏற்றியதெல்லாம் இறைகூடைதான். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் கயிற்றைப் பிடித்து இறைக்க வேண்டும். மொத்தம் நாலு ஜோடி. மண்ணாங்கட்டியும் அவன் பெண்டாட்டி குப்பம்மாளும் ஒரு ஜோடி. சிங்காரத்துக்கு ஜோடி மரியதாஸ்.

என்ஜின் வந்த அன்றே எட்டுப் பேரையும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. மரியதாஸ் எட்டாவது வரை படித்தவன் என்று அவனை மட்டும் திண்டிவனத்துக்கு அனுப்பி என்ஜின் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அவன் டிரைவராகத் திரும்பி வந்தான். மற்ற ஏழு பேருக்கும் துரோகியானான்.

ஆனால் என்ஜின் வாரத்துக்கு ரெண்டு, மூணு நாள் மக்கர் பண்ணியது. அந்த வெயிலில் ஒரு நாள் தண்ணீர் பாயாவிட்டால் பாத்தி வெடித்துப் போகும். வேறு வழியில்லாமல் முதலாளி பழைய ஆட்களைக் கூப்பிட்டு அனுப்புவார். அன்றைக்குத்தான் அந்த வீடுகளில் உலை கொதிக்கும்.

இன்றைக்கும் அப்படித்தான். என்ஜின் கொட்டகையிலிருந்து கையெல்லாம் கரியோடு வந்தான் மரியதாஸ்.

"டீசல் பைப்புல ஏர் புடிச்சிக்கிச்சிண்ணே. சரியாவ சாயங்காலம் ஆவும். நீங்க கூடையப் போடுங்க."

"போடத்தானே வந்திருக்கோம்? சந்திரனுக்கே போயிட்டு வந்துட்டானுங்க. நம்ம பாத்திக்குத் தண்ணி வுட ஒரு மிஷினால முடியலை பாரு" என்றான் சிங்காரம்.

"நம்ம ஊரு உப்புக் காத்துல இரும்பு தாங்குமா?" என்றான் மண்ணாங்கட்டி.

"காத்தும் இல்ல, கீத்தும் இல்ல. அம்மனுக்கு அந்தச் சத்தம் புடிக்கல" என்றாள் குப்பம்மாள்.

மரியதாஸ் கொட்டகைக்குள் போய்விட்டான்.

இறைத்துக் களைத்து டீக்கடையில் உட்கார்ந்தபோது சிங்காரத்துக்கு ஒரு யோசனை உதித்தது.

"ஏம்பா, என்ஜினு ஏற்கெனவே பாதி செத்துப் போயி கெடக்குது. இவனையும் தொரத்திட்டோம்னா அதைத் தொடறதுக்கே ஆளு இல்ல. முதலாளி அதைத் தலைமுழுகிடுவாரு. நமக்கு ஏழு நாளும் வேலை."

எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வயிறு காய்கிறவனுக்கு எது நியாயமாகப் படாது?

மறுநாள் முதலாளி வீட்டு வாசலில் ஏழு பேரும் போய் நின்றார்கள்.

"இவனுக்கு வேலை தெரியலீங்க முதலாளி. உங்க டீசலும் பாழு, உப்பும் பாழு" என்றான் சிங்காரம்.

"எங்களுக்கு வேலை குடுங்கன்னு கேக்க வரலீங்க. உங்க நஷ்டத்தைப் பாத்துட்டு மனசு கேக்காமதான் வந்தோம்" என்றாள் குப்பம்மாள். அது பொய் என்று அவளுக்கே தெரியும்.

முதலாளி மரியதாஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏன்டா, கூட இருந்தவங்களே சொல்றாங்க. உனக்கு இந்த வேலை தெரியுமா, தெரியாதா?"

மரியதாஸ் ஏழு பேரையும் ஒரு முறை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியலீங்க முதலாளி."

வேலை போயிற்று. அந்த வாரமே பெண்டாட்டி அன்னமேரியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிப் பக்கம் கிளம்பிவிட்டான். பஸ் ஏறும்போது குப்பம்மாள் எதிரில் வந்தாள்.

"எங்க வயித்துல அடிச்சியே, நல்லா இருப்பியாடா நீ?"

"வர்றேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் ஏறிக்கொண்டான்.

முதலாளி என்ஜினைத் தலைமுழுகவில்லை. கூனிமேட்டிலிருந்து காதர் பாய் என்ற மெக்கானிக்கை டிரைவராகக் கொண்டுவந்தார். காதர் பாய் வந்த நாளிலிருந்து என்ஜின் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

ஒரு வாரம் போயிற்று. பிறகு ஒரு மாதமும் போயிற்று. சிங்காரம் கல்லுடைக்கப் போய்விட்டான். குப்பம்மாள் வீட்டுப் பித்தளைக் குடம் சேட்டுக் கடைக்குப் போயிற்று. ஆனாலும் தினம் காலையில் அவளும் மண்ணாங்கட்டியும் கொட்டகை வாசலில் வந்து குந்திக்கொண்டார்கள்.

"இன்னைக்காவது நிக்குமா பாய்?"

"ஏம்மா, ஓடுற என்ஜினைப் பாத்து டெய்லி இதையே கேக்குறியே!"

"முன்னெல்லாம் வாரத்துல மூணு நாளு நிக்குமே பாய். மரியதாஸுன்னு ஒருத்தன். வேலை தெரியாதவன்."

காதர் பாய் கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே போட்டார்.

"யாரு வேலை தெரியாதவன்? அல்லா மேல ஆணையா சொல்றேன், இந்த என்ஜின்ல ஒரு கோளாறும் கெடையாது. டீசல் பைப்பு நட்டு மட்டும் தேஞ்சி கெடக்குது. அது தானா லூசாவாதும்மா, ஸ்பானர் போட்டு அந்த ஆளேதான் லூசாக்கி இருக்கான். என்ஜினுக்கு ஒரு கீறலும் வுழாம, கரெக்டா ஒரு பகலு மட்டும் நிக்கிற மாதிரி. கைகாரன்! ஆனா, தன் வேலைக்கே உலை வச்சிக்கிட்டு, யாருக்காக இதைச் செஞ்சான்னுதான் எனக்குப் புரியலை."